பக்க வழுவும் வழுவமைதியும்: இயங்குதள உட்கருவின் தீர்ப்புமுறை வரலாறும் சென்னைக் கணினிகளும்

ஆய்வுச் சுருக்கம்

பயனர் நிரல் ஒன்று, நினைவகத்தில் அப்போது இல்லாத பக்கத்தையோ தனக்கு இசைவு வழங்கப்படாத பக்கத்தையோ தொடும்போது, செயலி அந்நிரலை நிறுத்தி இயங்குதளத்தின் உட்கருவிடம் ஒப்படைக்கிறது. ஆங்கிலத்தில் பேஜ் ஃபால்ட் எனப்படும் இந்நிகழ்வைத் தமிழில் 'பக்கப் பிழை' என்றும் 'பக்கத் தவறு' என்றும் பெயர்ப்பதுண்டு. இந்நிகழ்வு பிழையாகக் கருதப்பட்ட நிலையிலிருந்து இயங்குதளத்தின் அன்றாட வேலையாக மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. மான்செஸ்டர் அட்லசு, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு வந்த ஐபிஎம் 370/155, யூனிக்சு, லினக்சு, அதே கழகத்தில் உருவான சக்தி செயலி ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. தமிழ் இலக்கண மரபின் வழு, வழுவமைதி என்னும் பாகுபாடு இந்நிகழ்வை விளக்கவும் பெயரிடவும் பொருத்தமானது என்பது கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: பக்க வழு, வழுவமைதி, மெய்நிகர் நினைவகம், உட்கரு, யூனிக்சு, லினக்சு, சக்தி செயலி, கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு செல்லும் புறநகர் ரயில் தடம், கணினிக் கல்வியும் கணினித் தொழிலும் நெருங்கி அமைந்த ஒரு நிலப்பகுதியினூடே செல்கிறது. வடக்கே குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகம், நடுவே பொத்தேரி, காட்டாங்குளத்தூர்க் கல்வி நிறுவனங்கள், சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டியதும் பரனூரையொட்டி மகேந்திரா வேர்ல்டு சிட்டியின் மென்பொருள் வளாகங்கள். பல்லவர் காலக் குடைவரையில் நரசிம்மர் வீற்றிருக்கும் ஊரைச் சுற்றிலும் இன்று ஆயிரக்கணக்கான மாணவர்கள் இயங்குதளப் பாடத்தைப் படிக்கிறார்கள். அப்பாடத்தில் தவறாமல் இடம்பெறும் தலைப்புகளுள் பேஜ் ஃபால்ட் ஒன்று. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கட்டுமானப் பொறியியலும் இயந்திரப் பொறியியலுமே அதில் இடம்பெற்றன. கணினி அறிவியல் ஆங்கிலத்திலேயே நின்றது. ஆகவே இத்தலைப்பைத் தமிழில் சிந்தித்து எழுதும் தேவை வகுப்பறையில் எழவில்லை. எழாததன் விலை என்ன என்பதைக் கட்டுரையின் போக்கில் காணலாம்.

முதலில் நிகழ்வு இன்னதென்று தெளிவுபடுத்துதல் வேண்டும். இன்றைய இயங்குதளத்தில் ஒவ்வொரு நிரலும் தனக்கென நீண்டதொரு முகவரிவெளி இருப்பதாக எண்ணிக்கொண்டே இயங்குகிறது. அம்முகவரிகள் மெய்நிகரானவை. அவை, பெரும்பாலான கணினிகளில் 4096 பைட்டு அளவுள்ள பக்கங்களாகப் பகுக்கப்பட்டு, பக்க அட்டவணை ஒன்றின் வழியே உண்மையான நினைவக இடங்களோடு இணைக்கப்படுகின்றன. எல்லாப் பக்கங்களும் எப்போதும் நினைவகத்தில் இருப்பதில்லை. வீட்டில் அன்றாடம் புழங்கும் பாத்திரம் அடுப்பங்கரையிலும், எப்போதாவது தேவைப்படும் அண்டா பரண்மேலும் இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. நிரல் பரணில் உள்ள பக்கத்தைக் கேட்டால் செயலி அந்த ஆணையை நிறைவேற்றாமல் நிறுத்திவிட்டு உட்கருவை அழைக்கும். உட்கரு ஆராய்ந்து பக்கத்தை இறக்கிக் கொடுக்கும். அல்லது நிரலையே முடித்துவைக்கும். செயலி அனுப்பும் அறிவிப்பு இரண்டு நேர்விலும் ஒன்றே. எந்த முடிவை எடுப்பது என்பது உட்கருவின் தீர்ப்பு. இத்தீர்ப்பின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

நிகரின்மை எனத் தொடங்கிய பெயர்

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினர் உருவாக்கிய அட்லசு கணினி 1962 டிசம்பரில் முறைப்படி இயக்கிவைக்கப்பட்டது. அதன் காந்த வளைய நினைவகம் 16,384 சொற்கள் கொண்டது; காந்த உருளை 98,304 சொற்கள் கொண்டது. விரைவானது சிறிது, பெரியது மெதுவானது. அன்றைய நிரலர்கள் இரண்டுக்குமிடையே தகவலை ஏற்றி இறக்கும் வேலையைத் தாங்களே நிரலில் எழுதினர். கில்பர்ன் குழு அவ்வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தது. நினைவகம் 512 சொற்கள் கொண்ட 32 பக்கங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பதிவகம் வைக்கப்பட்டது. நிரல் கேட்கும் முகவரி அந்த 32 பதிவகங்களுள் ஏதேனும் ஒன்றோடு நிகராகிறதா என்று வன்பொருள் ஒரே நேரத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும். எதனோடும் நிகராகவில்லையெனில் ஒரு குறுக்கீடு எழும். மேற்பார்வை நிரல் உருளையிலிருந்து பக்கத்தைக் கொண்டுவரும்.

அந்தக் குறுக்கீட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் 'நான்-ஈக்விவலன்சு', அதாவது நிகரின்மை. அப்பெயரில் குற்றம் சாட்டும் பொருள் இல்லை. நிரலர் எத்தவறும் செய்யவில்லை. ஒப்பீடு பொருந்தவில்லை, அவ்வளவே. ஐபிஎம் பிற்காலத்தில் இதே நிகழ்வைப் பக்கப் பெயர்ப்பு விதிவிலக்கு என்ற பொருள்படும் தொடரால் குறித்தது. மல்டிக்சு இயங்குதளத்துக்காக மாற்றியமைக்கப்பட்ட ஜிஇ 645 கணினியின் குடும்பத்தில், செயலி வழக்கமான பாதையை விட்டு விலகும் எல்லா நிகழ்வுகளுக்கும் 'ஃபால்ட்' என்ற சொல் முன்பே வழங்கியது. மல்டிக்சு அச்சொல்லோடு பக்கத்தையும் சேர்த்து வழங்கியது. யூனிக்சை உருவாக்கியவர்கள் மல்டிக்சு திட்டத்தில் பணியாற்றியவர்கள். அந்த வழியாகவும் பாடநூல்கள் வழியாகவும் ஃபால்ட் என்ற சொல்லே நிலைத்தது. மூன்று பெயர்களுள் பொருள் மயக்கத்துக்கு மிகுதியும் இடந்தரும் பெயர் வென்றது கலைச்சொல் வரலாற்றில் புதிதன்று.

சென்னைக்கு வந்த 370/155

மேற்கு செருமனியின் உதவியுடன் 1959இல் நிறுவப்பட்ட சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், 1973இல் கணினி மையம் ஐபிஎம் 370/155 கணினியுடன் செயற்படத் தொடங்கியது. கான்பூரில் பணியாற்றிய எச். என். மகாபலா சென்னைக்கு வந்து அதன் வளர்ச்சியில் முதன்மைப் பங்காற்றினார். துளை அட்டைக் கட்டுகளுடன் பிற நிறுவனத்தார் வந்து நிரல்களை ஓட்டிச்சென்ற காலம் அது.

நம் ஆய்வுப்பொருளுக்கு இக்கணினி வகையின் நாள்வரிசை முக்கியமானது. ஐபிஎம் 370/155, 370/165 ஆகிய வகைகளை 1970 ஜூனில் அறிவித்தது. அறிவித்த வடிவில் அவற்றில் மெய்நிகர் முகவரியை உண்மை முகவரியாக மாற்றும் வன்பொருள் இல்லை. அட்லசு வெளிவந்து எட்டு ஆண்டுகள் ஆகியும் உலகின் மிகப்பெரிய கணினி நிறுவனம் தன் முதன்மை வகைகளில் அதைச் சேர்க்கவில்லை. 1972 ஆகஸ்டில் 158, 168 வகைகளை அறிவித்தபோதுதான் மெய்நிகர் நினைவகம் 370 வரிசையின் பொது இயல்பாயிற்று; 155 வாங்கியோர் தனியே ஒரு பெட்டியை விலைகொடுத்து வாங்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்பெட்டி சேர்ந்த கணினி 155-II எனப்பட்டது.

முகவரி மாற்ற வன்பொருள் இல்லாத 155இல் பக்க வழு என்ற நிகழ்வுக்கே இடமில்லை. நிரலர் தமக்குத் தேவையான நினைவக அளவை வேலைக்கட்டுப்பாட்டு அட்டையில் முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். நிரல் பெரிதாயின் அதைத் துண்டுகளாக்கி, ஒரு துண்டு முடிந்தபின் அதே இடத்தில் மறுதுண்டை ஏற்றும் வகையில் வடிவமைக்கவேண்டும். நினைவகம் 2048 பைட்டுத் தொகுதிகளாகப் பகுக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் நான்கு பிட்டுப் பூட்டு வைக்கப்பட்டிருந்தது. பொருந்தாத சாவியுடன் பிறர் பகுதியில் எழுத முயலும் நிரல், பாதுகாப்பு விதிவிலக்கு என்ற நிகழ்வால் நிறுத்தப்பட்டு, 0சி4 என்னும் முடிவுக்குறியோடு வெளியே தள்ளப்படும். நிரலர் அச்சிட்ட நினைவகப் படியை விரித்துவைத்துக்கொண்டு தவறிய இடத்தைத் தேடுவார். இத்தகைய கணினியில் நினைவகம் தொடர்பான குறுக்கீடு என்றாலே அது நிரலரின் பிழை என்பது முற்றிலும் சரியான புரிதல். ஒரு தலைமுறை இந்திய நிரலர்கள் இப்புரிதலுடனேயே பயின்றனர். பிற்காலத்தில் அதே சொற்கள் வேறு பொருளில் வந்தபோதும் பழைய புரிதல் ஒட்டிக்கொண்டது என்று கருத இடமுண்டு.

இதே குறை பின்னரும் வேறு வடிவில் தொடர்ந்தது. 1991இல் புனேவின் சி-டாக் உருவாக்கிய பரம் 8000 மீக்கணினியின் டிரான்சுபியூட்டர் செயலிகளில் நினைவக மேலாண்மை அலகு கிடையாது. ஒரே பெருங்கணக்கைப் பல செயலிகள் பகிர்ந்து செய்வதற்கு அது தேவைப்படவும் இல்லை. பக்க வழு இல்லாமை எப்போதும் பின்தங்கிய நிலையன்று. கணக்கின் இயல்பைப் பொறுத்தது.

யூனிக்சின் முதல் தீர்ப்பு

உட்கரு, பயனர் நிரலின் வழுவை ஆராய்ந்து மன்னிக்கும் வழக்கம் யூனிக்சில் பக்கமுறை வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1975இல் வெளிவந்த யூனிக்சு ஆறாம் பதிப்பு பிடிபி-11 கணினிகளில் இயங்கியது. அங்கே நினைவகம் தொடர்பான குறுக்கீடு பயனர் நிரலிலிருந்து வந்தால், உட்கரு உடனே அந்நிரலைக் கொன்றுவிடாது. நிரலின் அடுக்கு தன் எல்லைக்குக் கீழே வளர முற்பட்டதால் எழுந்த வழுவா என்று பார்க்கும். ஆமெனில், வளர்த்தல் என்றே பொருள்படும் 'குரோ' என்ற செயற்கூறு அடுக்கை நீட்டிக்கொடுக்கும். நிரல் எதுவும் நடவாதது போல் தொடரும். இல்லையெனில், உட்கரு நிரலுக்கு முடிவு அறிவிப்பை அனுப்பும்.

இதில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. வழு ஏற்படும்போது ஆணை பாதி நிறைவேறியிருக்கலாம். பிடிபி-11இல் ஓர் ஆணை, முகவரியைப் படிக்கும்போதே பதிவகத்தின் மதிப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். அதே ஆணையை மீண்டும் தொடங்கவேண்டுமானால் பதிவகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாக வேண்டும். பிடிபி-11/45 இம்மாற்றங்களைக் குறித்துவைக்க ஒரு பதிவகத்தைக் கொண்டிருந்தது. மலிவான 11/40இல் அது இல்லை. ஆகவே, உட்கரு நின்றுபோன ஆணையைத் தானே படித்து, செயலி எந்தப் பதிவகத்தை எவ்வளவு மாற்றியிருக்கும் என்று கணித்துத் திருத்தியது. ஜான் லயன்சு 1977இல் ஆஸ்திரேலியாவில் எழுதிய புகழ்பெற்ற உரைநூல் இந்நிரலை வரிவரியாக விளக்குகிறது. நம் உரையாசிரியர் மரபை அறிந்தவர்கள் அந்நூலைப் படித்தால் வேற்றுநாட்டு நூலாக உணரமாட்டார்கள்: மூலத்துக்கு ஒரு தொகுதி, உரைக்கு ஒரு தொகுதி.

வழுவை மன்னிக்கும் முடிவு உட்கருவினுடையது. மன்னித்தபின் நிரலைப் பழைய இடத்தில் சேர்க்கும் வல்லமை வன்பொருளிடம் இருக்கவேண்டும். இவ்விரண்டும் சேராமையால் எழுந்த இடர்ப்பாடு 1980களில் மீண்டும் தலைகாட்டியது. மோட்டோரோலா 68000 செயலி, நினைவக வழுவுக்குப்பின் ஆணையை மறுபடியும் தொடங்கப் போதிய தகவலைச் சேமிக்கவில்லை. அப்பல்லோ நிறுவனம் இரு 68000 செயலிகளை ஒரே கணினியில் வைத்து, ஒன்று வழுவில் நிற்க மற்றொன்று பக்கத்தைக் கொண்டுவரும்படி அமைத்தது. 68010 செயலி அக்குறையை நீக்கியது.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1979இறுதியில் வெளிவந்த 3பிஎஸ்டி, வாக்ஸ் கணினியில் யூனிக்சுக்கு முழுமையான பக்கமுறையைத் தந்தது. வாக்சின் பக்க அட்டவணையில் ஒரு பக்கம் அண்மையில் தொடப்பட்டதா என்பதைக் காட்டும் பிட்டு இல்லை. எந்தப் பக்கத்தை வெளியேற்றுவது என்று முடிவுசெய்ய அத்தகவல் இன்றியமையாதது. ஓசால்ப் பாபாவோலுவும் பில் ஜாயும் கண்ட தீர்வு, நினைவகத்தில் உள்ள பக்கத்தையே இல்லாததாக அட்டவணையில் குறித்துவைப்பது. நிரல் அதைத் தொட்டால் வழு எழும். உட்கரு, இப்பக்கம் பயன்பாட்டில் உள்ளது என அறிந்து குறியை மாற்றிவிடும். உட்கரு தானே விரும்பி வழுவை வரவழைத்துச் செய்தி அறிந்துகொண்ட இத்தருணத்தை இவ்வரலாற்றின் திருப்புமுனையாக இக்கட்டுரை கருதுகிறது. இதற்குப் பின்னும் அந்நிகழ்வைப் பிழை என்று அழைப்பது பொருந்தாது. இந்தியாவில் 1980களின் நடுப்பகுதியில் தில்லியில் தொடங்கிப் பின் சென்னை உள்ளிட்ட நகரங்களுக்குப் பரவிய ரயில் முன்பதிவு அமைப்பு வாக்ஸ் கணினிகளில் இயங்கியது. முன்பதிவுச் சாளரத்தில் நின்ற பயணி அறியாமலேயே அவருடைய இருக்கைக்காகப் பக்க வழுக்கள் தீர்க்கப்பட்டுக் கொண்டிருந்தன.

சக்தி செயலியும் லினக்சின் தீர்ப்புமுறையும்

1973இல் 370/155ஐ வரவேற்ற அதே கழகத்தில், வீ. காமகோடி முதலானோர் வழிநடத்திய ரைசு குழுவினர் ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த ஆணைத்தொகுதியின் அடிப்படையில் சக்தி செயலிக் குடும்பத்தை உருவாக்கினர். 2018இல் இன்டெலின் 22 நானோமீட்டர் முறையில் வார்க்கப்பட்ட ரைஸ்கிரீக் சில்லில் லினக்சு இயங்கியது. அதே ஆண்டு சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையில் ரிமோ வார்க்கப்பட்டது. 2020இல் மௌஷிக் அறிவிக்கப்பட்டது. இக்குடும்பத்தின் இ-வகுப்பு சிறு கருவிகளுக்கானது. அதில் மெய்நிகர் நினைவகம் இல்லை. சி-வகுப்பில் உண்டு. லினக்சு போன்ற இயங்குதளத்தைத் தாங்கவேண்டுமானால் செயலி பக்க வழுவை எழுப்பத் தெரிந்திருக்கவேண்டும் என்பதே இவ்விரு வகுப்புகளுக்கிடையிலான முதன்மை வேறுபாடுகளுள் ஒன்று. முன்பு, வேறெங்கோ வடிவமைத்த கணினி அந்த வன்பொருளுடன் வருமா வராதா என்பது நம் கையில் இல்லை. இப்போது அதைச் சேர்ப்பதா விடுப்பதா என்பது சென்னையில் எடுக்கப்படும் முடிவு.

ரிஸ்க்-ஃபைவ் வகுத்த எஸ்வி39 முறையில் மெய்நிகர் முகவரி 39 பிட்டு நீளமுடையது. மூன்று படி அட்டவணைகளின் வழியே உண்மை முகவரி காணப்படும். ஒவ்வோர் அட்டவணையிலும் 512 பதிவுகள். பயனர் நிரல் தொட்ட பக்கத்தின் பதிவு செல்லாததாக இருந்தால் செயலி மூன்று செய்திகளைத் தனித்தனிப் பதிவகங்களில் எழுதும்: எந்த ஆணை நின்றது, எந்த முகவரி கேட்கப்பட்டது, காரணம் யாது. காரண எண் 12 எனில் ஆணையை எடுக்கும்போதும், 13 எனில் படிக்கும்போதும், 15 எனில் எழுதும்போதும் வழு நேர்ந்தது. பின்னர் செயலி மேற்பார்வை நிலைக்கு மாறி உட்கருவின் நுழைவாயிலுக்குச் செல்லும். செயலியின் வேலை இத்துடன் முடிந்தது. நிரல் குற்றவாளியா இல்லையா என்பது அதற்குத் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை.

லினக்சு உட்கரு பயனரின் பதிவகங்களைச் சேமித்துவிட்டு விசாரணையைத் தொடங்கும். ஒவ்வொரு நிரலுக்கும் எந்தெந்த முகவரிப் பகுதிகள் எந்தெந்த உரிமையோடு வழங்கப்பட்டன என்ற பட்டியல் அதனிடம் உண்டு. நிலப்பட்டா போன்றது அது. கேட்கப்பட்ட முகவரி எப்பட்டாவிலும் இல்லையெனில், அடுக்கு வளர்ச்சிக்குரிய இடமா என்று பார்க்கும். அதுவும் இல்லையெனில் நிரலுக்கு முடிவு அறிவிப்பு. பட்டா உண்டு, ஆனால் படிக்க மட்டும் உரிமையுள்ள இடத்தில் எழுத முயன்றது என்றாலும் அதே முடிவு. பட்டாவும் உரிமையும் பொருந்தினால் நிரல் குற்றமற்றது. பக்கம் இல்லாமைக்குப் பொறுப்பு உட்கருவே.

குற்றமற்ற நேர்வுகள் பல. நிரல் புதிதாக நினைவகம் கேட்டபோது உட்கரு பட்டாவை மட்டும் எழுதிக்கொடுத்து இடத்தைக் கொடாது வைத்திருந்திருக்கலாம். இப்போது சுழியங்களால் நிரப்பிய பக்கத்தைத் தரும். கோப்பிலிருந்து வரவேண்டிய பக்கமாயின் வட்டிலிருந்து படிக்கும். அதுவரை அந்நிரல் உறங்க, வேறொரு நிரல் இயங்கும். இடமின்மையால் வட்டுக்கு அனுப்பப்பட்ட பக்கமாயின் திரும்பக் கொணரும். இன்னொரு நேர்வு தனிக்கவனத்துக்குரியது. ஒரு நிரல் தன்னைப்போல் மற்றொன்றைப் பிறப்பிக்கும்போது, உட்கரு எல்லாப் பக்கங்களையும் படியெடுப்பதில்லை. தாயும் சேயும் ஒரே பக்கங்களைப் பகிர்ந்துகொள்ள, எழுதும் உரிமையை இருவரிடமிருந்தும் அட்டவணையில் நீக்கிவைக்கும். யாரேனும் ஒருவர் எழுத முற்படும்போது வழு எழும். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் அப்போது படியெடுக்கப்படும். இங்கே பக்கம் நினைவகத்தில் இருக்கிறது. ஆயினும் வழு எழுகிறது. இறுதியில் உட்கரு அட்டவணையைத் திருத்தி, நின்ற அதே ஆணைக்கே நிரலைத் திருப்பியனுப்பும்.

இப்பட்டா விசாரணை கணினி ஒன்றில் நொடிக்குப் பல்லாயிரம் முறை நிகழக்கூடியது. ஆகவே, பட்டியலைத் தேடும் முறை பலமுறை மாற்றப்பட்டது. நீண்டகாலம் சிவப்பு-கறுப்பு மரமாக இருந்த அது, 2022 டிசம்பரில் வெளிவந்த 6.1 பதிப்பில் மேப்பிள் மரமாயிற்று. 2023இன் 6.4 பதிப்பு, ஒரே நிரலின் பல இழைகள் ஒரே நேரத்தில் வழுவுற்றால் முழுப் பட்டியலையும் பூட்டாமல் அந்தந்தப் பட்டாவை மட்டும் பூட்டும் முறையைக் கொணர்ந்தது.

வகுப்பறையில் நிலைமை வேறு. இயங்குதளம் கற்பிக்க மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் எழுதிய எக்ஸ்வி6 என்ற சிறு உட்கரு நம் நாட்டிலும் பரவலாகப் பயன்படுகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் செஸ்டர் ரெபெய்ரோ நடத்திய தொலைநிலைப் பாடமும் அதனை எடுத்துக்கொண்டது. எக்ஸ்வி6 யூனிக்சு ஆறாம் பதிப்பின் வழியில் எழுதப்பட்டது. ஆயினும் பயனர் நிரலின் எந்தப் பக்க வழுவையும் நெடுங்காலம் மன்னித்ததில்லை. எதிர்பாராத காரணம் என்று ஒரு வரி அச்சிட்டு நிரலை முடித்துவிடும். சோம்பல் ஒதுக்கீட்டையும் எழுதும்போது படியெடுத்தலையும் சேர்ப்பது மாணவர்க்குரிய பயிற்சி. அப்பயிற்சியைச் செய்த மாணவர் மட்டுமே இரண்டாவது புரிதலை அடைகிறார். செய்யாதவர் 0சி4 காலத்துப் புரிதலுடனேயே தேர்வெழுதி வெளியேறுகிறார். பக்கப் பிழை என்ற பெயர் அவருக்கு அதனை உறுதியும் செய்துவிடும்.

தவறிய தீர்ப்பு

தீர்ப்பு வழங்குவோரும் தவறக்கூடும். 2016 அக்டோபரில் வெளிப்பட்ட டர்ட்டி கவ் என்னும் குறைபாடு, மேலே கண்ட படியெடுக்கும் வழுவைத் தீர்க்கும் நிரற்பகுதியில் இருந்தது. படிக்க மட்டும் உரிமையுள்ள கோப்பு ஒன்றின் பக்கத்தில் நிரல் எழுத முயல, உட்கரு முறைப்படி தனிப்படி எடுத்துத் தந்தது. படியெடுத்தலுக்கும் எழுதுதலுக்கும் இடைப்பட்ட நொடித்துளியில் வேறோர் இழை அப்படியைக் கைவிட்டுவிட்டால், உட்கரு எழுத்துரிமை ஏற்கெனவே வழங்கப்பட்டதாகக் கருதி மூலப் பக்கத்திலேயே எழுதிவிட்டது. சாதாரணப் பயனர் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற அது வழிவகுத்தது. குறைபாடு 2007 முதலே லினக்சில் இருந்தது. தாம் பதினோராண்டுகளுக்கு முன் ஒருமுறை திருத்த முயன்று சரிவராமற்போன பழைய வழு இது என்பதை லினசு டோர்வால்ட்சு திருத்தக் குறிப்பிலேயே பதிவுசெய்தார்.

இது தொலைதூரச் செய்தியன்று. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இயங்கும் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் இணைந்து, 2005இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வளமையமாகச் செயற்பட்டன. அம்முயற்சியின் விளைவான பாஸ் லினக்சு 2007இல் வெளிவந்தது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளிலும் அது இடம்பெற்றது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளமும் லினக்சு உட்கருவே. உட்கருவின் தீர்ப்பு தவறினால் அதன் விளைவு சிங்கப்பெருமாள் கோவில் மாணவரின் மடிக்கணினியையும் எட்டும்.

கலைச்சொல்லாக்கம்

மேற்கண்ட வரலாறு, பொருத்தமான தமிழ்ச்சொல்லுக்கு மூன்று தகுதிகளை வேண்டுகிறது. அது நிரலர்மீது குற்றம் சுமத்தக்கூடாது. இன்மையை மட்டும் குறிக்கக்கூடாது. உண்மையான அத்துமீறலையும் உள்ளடக்கவேண்டும். 'பக்கப் பிழை', 'பக்கத் தவறு' ஆகியவை முதல் தகுதியில் தோற்கின்றன. 'பக்கமின்மை' என ஆக்கலாம் எனின், பக்கம் இருந்தும் எழும் படியெடுக்கும் வழுவுக்கு அது பொருந்தாது.

தமிழ்ச் சொல்லிலக்கணம் வழாநிலை, வழு, வழுவமைதி என முப்பாகுபாடு செய்துள்ளது. தொல்காப்பியக் கிளவியாக்கமும் அதன் உரைகளும், பின்னர் நன்னூலும் இதனை விரிவாகப் பேசுகின்றன. திணை, பால், இடம், காலம் முதலியவற்றில் முறைதவறியது வழு. முறைதவறியும் தக்க காரணம் உடைமையால் ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. உவப்பினால் பசுவை அம்மை என்று உயர்திணையாகச் சுட்டுதல் திணை வழுவமைதி. வடிவத்தில் வழுவும் வழுவமைதியும் ஒன்றே. காரணம் கண்டு பிரிப்பது இலக்கணியின் பணி. செயலியின் ஒரே அறிவிப்பைக் காரணம் கண்டு இருவகையாகப் பிரிக்கும் உட்கருவின் பணியும் இதுவே.

ஆகவே, செயலி எழுப்பும் நிகழ்வைப் பக்க வழு என்றும், உட்கரு ஏற்றுத் தீர்ப்பதைப் பக்க வழுவமைதி என்றும், ஏற்காது நிரலை முடிப்பதை முகவரி மீறல் என்றும் வழங்கலாம். வட்டைத் தொடாமல் தீர்வதைச் சிறு வழுவமைதி என்றும், வட்டிலிருந்து படித்துத் தீர்வதைப் பெரு வழுவமைதி என்றும் மேலும் பகுக்கலாம். கட்டற்ற மென்பொருள் தமிழாக்கங்களில் 'வழு' என்பது நிரலில் மறைந்துள்ள குறைபாட்டைக் குறிப்பதாக வழங்குகிறதே என்னும் தடை எழும். அத்தடை வலுவானதே. ஆயினும் 'பக்க' என்னும் அடை வேறுபடுத்திக் காட்டுவதாலும், வழுவமைதி என்னும் இணைச்சொல் வேறெந்த வேர்ச்சொல்லுக்கும் இத்துணை ஆயத்தமாகக் கிடைக்காமையாலும் இதனையே கொள்ளலாம்.

இவ்விலக்கணம் எட்டாத ஒரு நேர்வும் உண்டு. புறப்படாத ஒருவர் விரைவுபற்றி 'இதோ வந்துவிட்டேன்' என்பது கால வழுவமைதி. லினக்சு, நிரல் கேட்ட நினைவகத்தைக் கொடாமலேயே கொடுத்துவிட்டதாகச் சொல்வது அதற்கு நிகர். தொடும்போது எழும் வழுவில் அச்சொல் மெய்யாகிவிடும். ஆனால் லினக்சு தன்னிடம் உள்ளதற்கும் மேலாகப் பலருக்கும் இவ்வாறு சொல்லிவைக்க இசைகிறது. எல்லா நிரல்களும் ஒரே வேளையில் தொட்டுவிட்டால் கொடுக்க இடமிராது. அப்போது உட்கரு நிரல்களுக்கு மதிப்பெண் இட்டு, பெரும்பாலும் மிகுதியாக நினைவகம் கொண்ட ஒன்றைத் தேர்ந்து கொல்கிறது. கொல்லப்படும் நிரல், வழுவை எழுப்பிய நிரலாக இருக்கவேண்டும் என்பதில்லை; முகவரி மீறியதாகவும் இருக்கவேண்டியதில்லை. பட்டா, உரிமை, முகவரி எல்லாம் பொருந்தியும் நேரும் இம்முடிவு வழுவிலும் அடங்காது, வழுவமைதியிலும் அடங்காது. இதற்குரிய சொல் இனித்தான் ஆக்கப்படவேண்டும்.